ஆற்றையும் ஊரையும் நகர்த்திய வீடு: டார்பிஷயர் நாட்குறிப்பு

2019 மே மாதம் ஷெஃபீல்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவது என்று முடிவானதும் நான் போட்ட ஒரே நிபந்தனை, பக்கத்து டார்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகையை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். லண்டன் எல்லாம் அப்புறம். காரணம் ரொம்பச் சாதாரணமானது. எங்களுக்குச் சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டம் உண்டு, போடுவது ஜி9 ரகம். கன்று வாங்கும்போதெல்லாம் நர்சரிக்காரர்கள் சொல்கிற 'கேவண்டிஷ்' என்ற பெயர் யாருடையது என்று ஒருநாள் தேடப் போய், அது இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பத்தின் பெயர், அவர்கள் வீடு அண்ணன் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம் என்று தெரிந்தது. அண்ணன் சிரித்தான். பத்து வருஷமாக அங்கே இருக்கிறான், ஒரு தடவைதான் போயிருக்கிறானாம், அதுவும் கிறிஸ்துமஸ் கடை பார்க்க.

மே 14, செவ்வாய்: பேக்வெல்

ஷெஃபீல்டைத் தாண்டியதும் ஊர் சட்டென்று முடிந்துவிடுகிறது. அதன்பின் மரமே இல்லாத பழுப்பு மேடு, காய்ந்து கிடப்பது போன்ற புதர்ச்செடி, அவ்வளவுதான். ஆகஸ்டில் வந்தால் இதெல்லாம் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் என்று பக்கத்து இருக்கைக் கிழவர் வருத்தத்தோடு சொன்னார், நான் தப்பான மாதத்தில் வந்ததற்கு அவரே பொறுப்பு என்பது மாதிரி. டிரைவர் என்னையும் சரி, எண்பது வயதுப் பாட்டியையும் சரி, 'டக்' என்றே கூப்பிட்டார். வாத்துதான். இந்தப் பக்கத்தில் அது அன்பான விளி, கோபித்துக்கொள்ளக் கூடாது என்று மதினி முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

பேக்வெல் சின்ன ஊர். எல்லாக் கட்டடமும் ஒரே பழுப்புக் கல். நடுவே வை என்ற ஆறு, முழங்கால் ஆழம் இருக்கும், அடியில் ட்ரௌட் மீன் அசையாமல் நிற்பது பாலத்திலிருந்தே தெரிகிறது. இந்த மீன் எங்கள் ஊர் வாய்க்காலில் இப்படி நின்றால் அரை மணி நேரம் தாங்காது. இன்னொரு நடைபாலத்தில் காதலர்கள் பூட்டுப் பூட்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள், கம்பியே தெரியவில்லை. வெயில் நன்றாக அடித்தது. இருபது டிகிரி தாண்டியிருக்கும், அதற்கே ஊர் மொத்தமும் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றங்கரைப் புல்லில் கிடந்தது.

பேக்வெல் புட்டிங் சாப்பிடாமல் வரக்கூடாது என்றார்கள். அடியில் மடிப்பு மடிப்பான மாவு, மேலே ஜாம், அதற்கு மேல் முட்டையும் பாதாமும் வெண்ணெயும் சேர்ந்த மஞ்சள் களி. சூடாகக் கொடுத்தார்கள். சின்னது நாலு பவுண்டுக்குள் முடிந்தது, அதாவது முந்நூற்றைம்பது ரூபாய். அரைவாசியில் திகட்டிவிட்டது. ஒரு சத்திரத்துச் சமையல்காரம்மா டார்ட் செய்யச் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு முட்டைக் கலவையை ஜாம் மேலே ஊற்றியதில் பிறந்த பண்டம் இது என்கிறார்கள். ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் 'அசல் செய்முறை எங்களிடம்தான்' என்று பலகை வைத்திருக்கின்றன. நம் ஊர் அல்வா, ஜிகர்தண்டா கடைச் சண்டை நினைவுக்கு வர, எந்தக் கடை அசல் என்று பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். "நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் கடை" என்று முகத்தை மாற்றாமல் சொன்னாள்.

இரவு மீனும் சிப்ஸும். உருளைக்கிழங்கு மேல் வினிகரைத் தண்ணீர் மாதிரி ஊற்றுகிறார்கள். ஊறுகாய் இல்லாத ஊரில் புளிப்புக்கு வேறு என்ன வழி.

மே 15, புதன்: மேட்டைத் தாண்டி மாளிகைக்கு

சாட்ஸ்வொர்த்துக்கு பஸ் உண்டு. ஆனால் தங்கிய வீட்டு அம்மா, "இந்த வெயிலில் பஸ்ஸில் போவது பாவம், நடந்து போங்கள், மூன்று மைல்தான்" என்றார். மூன்று மைல் என்பது சரி, ஆனால் அதில் பாதி செங்குத்து என்பதைச் சொல்லவில்லை. பழைய ரயில் நிலையத்தைக் கடந்து, கோல்ஃப் மைதானத்தைக் குறுக்கே வெட்டி, காட்டுக்குள் ஏறி, மறுபக்கம் ஆட்டுப் பட்டிகள் வழியாக இறங்க வேண்டும். எதிரே வந்தவர்களில் ஒருவர்கூட வணக்கம் சொல்லாமல் போகவில்லை. லண்டன் விமான நிலையத்தில் இடித்துவிட்டுப் போனவர்களும் இவர்களும் ஒரே நாட்டவரா என்று தோன்றியது.

இறக்கத்தில் முதலில் ஒரு தேவாலயக் கோபுரம், அப்புறம் என்சர் என்ற குட்டி கிராமம், அதையும் தாண்டினால் பள்ளத்தாக்கு மொத்தமும் விரிகிறது. பச்சைச் சரிவு, நடுவே டெர்வென்ட் ஆறு, ஆற்றுக்கு மேல் கல் பாலம், அதற்கும் மேலே தேன் நிறத்தில் மாளிகை. ஜன்னல் சட்டங்களுக்குத் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள், நிஜத் தங்கம். பத்து வருஷம் நடந்து 2018இல் முடிந்த மராமத்தில் மறுபடி பூசியதாம். வெயில் பட்டு மின்னியது. புல்லில் குட்டி போட்ட ஆடுகள், அங்கங்கே தனித்து நிற்கும் பெரிய மரங்கள். கடவுள் கையால் செய்து வைத்த இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அதில் பாதிக்குமேல் கடவுள் செய்ததல்ல. 1750களின் கடைசியில் நான்காவது டெவன்ஷயர் டியூக் (கேவண்டிஷ் குடும்பத் தலைவரின் பட்டம் அது) 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற தோட்ட வடிவமைப்பாளரைக் கூட்டி வந்தார். பள்ளத்தாக்கையே திருத்தச் சொன்னார். முன்பு அங்கே கட்டம் கட்டமாகப் பாத்தி பிரித்த தோட்டம் இருந்தது. பிரவுன் அதில் பெரும்பகுதியை அழித்துப் புல்லாக்கினார், ஆற்றின் போக்கைத் திருத்தி அகலப்படுத்தினார், குன்றுகளில் மரம் நட்டார். பாலமும் குதிரை லாயமும் ஜேம்ஸ் பெயின் என்பவர் கட்டியவை. லாயத்தை நான் முதலில் மாளிகை என்றே நினைத்தேன், அவ்வளவு பெரிசு. இப்போது அது ஹோட்டலும் கடையும். 'இயற்கை அழகு' என்று நாம் ஆங்கிலப் படங்களில் பார்த்து ஏங்குகிற அந்தக் காட்சி, கணக்குப் பிள்ளைகள் செலவு எழுதி வைத்து, கூலியாட்கள் மண் சுமந்து உண்டாக்கியது. பிரவுன் பெயர் நிற்கிறது, மண் சுமந்தவர்கள் பெயர் நிற்கவில்லை.

டிக்கெட் இருபது பவுண்டுக்கு மேல். ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை நிறுத்தினால்தான் உள்ளே போக முடியும்.

வீட்டின் கதை ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. பெஸ் ஆஃப் ஹார்ட்விக். பெரிய வசதியில்லாத குடும்பம், நாலு கல்யாணம், ஒவ்வொரு கணவர் போகும்போதும் சொத்து ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ், எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடி நிலத்தைப் பறித்தபோது அந்த வேலையைச் செய்த அதிகாரிகளில் ஒருவர். அந்த வேலையில் கை நனையாமல் இருந்திருக்குமா, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்து நிலங்களை விற்றுவிட்டுத் தன் ஊர்ப்பக்கம் வரச் சொல்லி நச்சரித்தது பெஸ்தான் என்கிறார்கள். 1549இல் சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கினார்கள், 1550களில் வீடு எழும்பத் தொடங்கியது. நாலாவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு, ஸ்காட்லாந்து ராணி மேரியைக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பு அவருடையது. 1570 வாக்கில் தொடங்கிப் பல தடவை மேரியை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அவர் இருந்த பக்கத்தை இன்றும் ராணியின் அறைகள் என்கிறார்கள், ஆனால் அந்தப் பழைய வீடே இப்போது இல்லை. 1687இலிருந்து 1707 வரை முதல் டியூக் ஒரு பக்கமாக இடித்து ஒரு பக்கமாகக் கட்டி, கடைசியில் முழு வீட்டையும் மாற்றிவிட்டார். இடிக்கும்போது இவ்வளவும் இடிக்க அவர் நினைக்கவில்லையாம். வீடு கட்டியவர்களுக்கு இது புரியும்.

உள்ளே நுழைந்ததும் பெயின்டட் ஹால். கூரையிலும் சுவரிலும் ஜூலியஸ் சீசர் வாழ்க்கை, லூயி லாகேர் வரைந்தது. கழுத்து வலித்துவிட்டது. ஒவ்வொரு அறையிலும் ஒரு வயதானவர் நிற்கிறார், ஓய்வு பெற்ற வாத்தியார் மாதிரி. நாம் ஏதாவது கேட்க மாட்டோமா என்று காத்துக்கொண்டிருக்கும் முகம். கேட்டால் விடமாட்டார்கள். இசை அறையில் ஒருவர் என்னை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்க வைத்து, திறந்திருந்த கதவுக்குள் இருக்கும் இன்னொரு கதவைப் பார்க்கச் சொன்னார். வெள்ளிக் குமிழில் ஒரு வயலினும் வில்லும் தொங்குகின்றன. "எடுத்து வாசிக்கலாமா?" என்றேன், அவர் எதிர்பார்க்கிறாரே என்று. முகம் மலர்ந்துவிட்டது. ஓவியம். குமிழ் மட்டும் நிஜம். வயலினின் நிழல்கூடக் கதவில் விழுகிறது. தினம் நூறு பேருக்காவது காட்டுவார், நூறு தடவையும் அதே சந்தோஷம் போலும்.

படுக்கை அறை ஒன்றில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் செத்துப்போன கட்டில் இருக்கிறது. 1760இல் மன்னர் இறந்தபோது நான்காவது டியூக் அரண்மனைப் பெரிய அதிகாரி, அந்தப் பதவிக்கு உரிய மானியமாகக் கட்டில் இவருக்கு வந்ததாம். எழவு வீட்டில் கட்டிலைத் தூக்கிவந்து தன் வீட்டில் போட்டு, அதையும் இத்தனை பெருமையாகக் காட்டுகிறார்கள். எங்கள் அப்பத்தா கேட்டால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது பட்டாளம் வந்து உட்கார்ந்தால் வீடு நாசமாகிவிடும் என்று டியூக், வேல்ஸிலிருந்து பென்ரோஸ் காலேஜ் என்ற பெண்கள் பள்ளியைக் கூட்டிவந்து குடிவைத்தார். அரச அறைகள் எல்லாம் படுக்கைக் கூடம். வர்ணக் கூரைக்குக் கீழே இரும்புக் கட்டில்கள் வரிசையாக இருக்கும் பழைய படம் ஒன்று உண்டு. மாளிகையில் நான் பார்த்ததிலேயே மனிதர் வாழ்ந்த மாதிரித் தெரிந்தது அந்தப் படம் ஒன்றுதான்.

மாலையில் கால் ஒத்துழைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பினேன். வீட்டு அம்மாவிடம் மேட்டைப் பற்றிச் சொன்னேன். "ஆமாம், கொஞ்சம் ஏற்றம்தான்" என்றார்.

மே 16, வியாழன்: தோட்டம், வாழை, வராத ஜார்

இன்று தோட்டத்துக்கு மட்டும். 105 ஏக்கர். மேகம் கவிந்துவிட்டது, காற்றும் குளிர்ந்தது, ஆனாலும் பிள்ளைகள் நீர்ப்படியில் காலணியைக் கழற்றிவிட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். குன்றின் உச்சியில் ஒரு கல் மண்டபம், அதிலிருந்து 24 அகலப் படிகளில் தண்ணீர் வழிந்து வருகிறது. 1690களில் கிரில்லே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது, பின்னால் பெரிதாக்கினார்கள். படிகள் ஒன்றுபோல ஒன்று இல்லை, அதனால் ஒவ்வொன்றிலும் தண்ணீரின் சத்தம் கொஞ்சம் மாறுகிறது. அடியில் வந்ததும் தண்ணீர் பூமிக்குள் மறைந்து குழாய் வழியாக வேறு நீரூற்றுகளுக்குப் போகிறது. மோட்டார் கிடையாது. மேட்டின்மேல் வெட்டிய ஏரிகள், கீழே சரிவு, அவ்வளவுதான் தொழில்நுட்பம். இதே தண்ணீரில் 1893இல் டர்பைன் ஓட்டி வீட்டுக்கு மின்விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

இதன் உச்சம் எம்பரர் நீரூற்று. ரஷ்யப் பேரரசர் (ஜார்) முதலாம் நிக்கலஸ் 1844இல் இங்கிலாந்து வருகிறார், நம் வீட்டுக்கும் வரலாம் என்று ஆறாவது டியூக்குக்கு ஓர் ஆசை. ரஷ்யாவின் பீட்டர்ஹோஃப் அரண்மனையில் ஜாரின் நீரூற்றைப் பார்த்தவர், அதைவிட உயரமாகப் பாய வேண்டும் என்று தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனிடம் சொல்ல, ஆறே மாதத்தில், ராத்திரி விளக்கு வெளிச்சத்திலும் ஆள் வைத்து வெட்டி, மேட்டில் எட்டு ஏக்கர் ஏரி தோண்டி, குழாய் இறக்கி முடித்தார்கள். 296 அடி வரை பாய்ந்ததாகக் கணக்கு இருக்கிறது. ஜார் வரவேயில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நான் நின்றபோது அதில் பாதி உயரம் பாய்ந்திருக்கும், காற்று வாகில் சாரல் முழுக்க என் மேல்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரன் இதைப் பார்த்துச் சும்மா வர முடியாது. எங்கள் ஊரில் பென்னிகுவிக் என்ற வெள்ளைக்காரர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம், பொங்கலுக்குப் படையல் போடுகிறோம். 1895இல் மேற்கே போன பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர். அவரும் இதே மாதிரி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறக்கியவர்தான். அந்தத் தண்ணீரில் எங்கள் நெல்லும் வாழையும் விளைகின்றன. இங்கே வராத ஒரு விருந்தாளிக்காக ஏரி வெட்டியிருக்கிறார்கள். பிரமிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தது.

பாக்ஸ்டன் ஆள் வேறு ரகம். விவசாயக் குடும்பத்துப் பையன், சிஸ்விக் தோட்டத்தில் வேலை பார்த்தபோது டியூக் கண்ணில் பட்டு, 1826இல் இருபத்து மூன்று வயதுகூட நிறையாமல் இங்கே தலைமைத் தோட்டக்காரர் ஆனார். வந்து சேர்ந்த அன்று விடிகாலை நாலரை மணி. கதவு திறக்க ஆள் இல்லை, சுவர் ஏறிக் குதித்தார். தோட்டம் முழுக்கச் சுற்றி, ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு ஏவி, நீர்ப்படியைத் திறந்துவிடச் சொல்லி, பிறகு வீட்டு நிர்வாகம் பார்த்த அம்மாவோடு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அங்கே இருந்த அந்த அம்மாவின் உறவுப்பெண் சாரா மேல் காதல், அவளுக்கு இவர் மேல் காதல். இதெல்லாம் ஒன்பது மணிக்குள் முடிந்துவிட்டது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணையே கட்டினார்.

சரி, வாழைக்கு வருகிறேன். சீனாவிலிருந்து மொரீஷியஸ் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஒரு குட்டை ரக வாழைக் கன்றை பாக்ஸ்டன் வாங்கிச் சூட்டு வீட்டில் வைத்தார். 1835 நவம்பரில் அது குலை தள்ளியது. மறுவருஷம் தோட்டக்கலைச் சங்கக் கண்காட்சியில் பழம் பதக்கம் வாங்கியது. டியூக்கின் குடும்பப் பெயரே ரகத்தின் பெயரானது. இங்கிருந்து கன்றுகள் ஒரு பாதிரியார் மூலம் சமோவா தீவுக்கும் போயின. நம் ஊருக்கு இந்த இனம் இந்த வீட்டு வழியாகத்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, பெயர்தான் இங்கே பிறந்தது. ஆனாலும் உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழையில் ஏறக்குறைய எல்லாம் இன்று இந்த இனம். அதற்கு முன் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் என்ற ரகத்தைப் பனாமா வாடல் நோய் அடித்துப் போட்டதால் 1950, 60களில் இது அந்த இடத்துக்கு வந்தது. இப்போது அதே நோயின் புது வகை இதையும் தேடி வந்துகொண்டிருக்கிறது. எல்லாமே பக்கக் கன்றிலும் திசு வளர்ப்பிலும் பெருக்கிய ஒரே ரத்தம், ஒன்று விழுந்தால் தோட்டமே விழும். வாழைக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கண்ணாடி வீட்டுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. உள்ளே நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் அகல இலைகள், ஒன்றில் காற்றே இல்லாமல் கிழியாத முழு இலை. எங்கள் தோட்டத்தில் அப்படி ஓர் இலை பார்க்கவே முடியாது, ஆடிக் காற்று விடாது. தண்டு ஆரோக்கியமாகத்தான் இருந்தது. பக்கக் கன்றை எடுக்காமல் விட்டிருந்தார்கள், கை துறுதுறுத்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம், "இது எங்கள் வீட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது" என்றேன். "ஓ, எவ்வளவு அருமை" என்றார். உங்கள் வீட்டில் ரோஜா இருக்கிறது என்று நான் சொன்னால் என்ன தொனியில் சொல்வேனோ, அதே தொனி.

பாக்ஸ்டனின் பெரிய கண்ணாடி வீடு இப்போது இல்லை. 1836இல் தொடங்கி நாலு வருஷம் கட்டியது: 277 அடி நீளம், 123 அடி அகலம், 67 அடி உயரம். எட்டுக் கொதிகலன், ஏழு மைல் சூட்டுக் குழாய், நிலக்கரி கொண்டுவரப் பூமிக்கு அடியில் தண்டவாளம், அழுக்கு விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதே. 1843இல் விக்டோரியா ராணி வந்தபோது 12,000 விளக்கு ஏற்றி, வண்டியிலேயே உள்ளே ஓட்டிப் போனார்கள். அதை நிரப்பச் செடி தேடி ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரரைக் கல்கத்தாவுக்கும் மேகாலயாவின் காசி மலைக்கும் அனுப்பினார்கள், அவர் 1837இல் ஆர்க்கிடுகளோடு பத்திரமாகத் திரும்பினார். அடுத்து வட அமெரிக்காவுக்குப் போன இரண்டு இளைஞர்கள் கொலம்பியா ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள். இந்த அனுபவத்தில்தான் பாக்ஸ்டன் 1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸைக் கட்டி சர் பட்டம் வாங்கினார். முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்கவில்லை, செடியெல்லாம் பட்டுப்போயின. 1920இல் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள், அது லேசில் விழவில்லை. வெடி வைத்தவர் சார்லஸ் மார்க்கம், பாக்ஸ்டனின் மகள் வயிற்றுப் பேரன்.

அடிச்சுவர் மட்டும் மிச்சம். அதற்குள் 1962இல் யூ மரவேலியால் ஒரு புதிர்ப் பாதை நட்டிருக்கிறார்கள். உள்ளே போய் நடுவைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு சேர்ந்து சுற்றினேன். அவர்களின் ஆறு வயதுப் பெண்தான் எங்களை வெளியே கொண்டுவந்தாள்.

லாயத்துக் கடையில் டீ, ஒரு ஸ்கோன், ஜாம், கெட்டி க்ரீம். நல்ல விலை. மதினி கட்டிக் கொடுத்த புளியோதரை பையில் இருந்தது, மேஜைக்கு அடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

மே 17, வெள்ளி: மழை

காலையிலிருந்தே தூறல். குடையை எடுத்தால் காற்று திருப்பிப் போட்டது. புதன்கிழமை அவசரமாகக் கடந்த என்சர் கிராமத்தைப் பார்க்க மறுபடி போனேன்.

இந்தக் கிராமம் முன்பு இன்னும் கீழே, மாளிகைக்கு எதிரே பரவியிருந்தது. 1838 முதல் 1842 வரை ஆறாவது டியூக் மீதி வீடுகளைப் பெயர்த்து, பார்வையில் படாத மடிப்புக்குள் புதிதாகக் கட்டவைத்தார். பாக்ஸ்டனும் ஜான் ராபர்ட்சன் என்ற கட்டடக்காரரும் செய்த வேலை. ஒரு வீடு சுவிஸ் குடில், ஒரு வீடு இத்தாலி, ஒன்று குட்டிக் கோட்டை. எல்லா மாதிரியும் காட்டினார்கள், டியூக் எல்லாவற்றிலும் ஒன்று என்று சொல்லிவிட்டார் என்றொரு கதை. ஆட்களுக்குக் கிடைத்தது முன்பைவிட நல்ல வீடு, அதை மறுக்க முடியாது. போகிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதுவும் உண்மை. கதவுகள் எல்லாம் ஒரே நீலம், எஸ்டேட் சொத்து என்று அடையாளம்.

தேவாலயத் தோட்டத்தில் பாக்ஸ்டன் சமாதி டியூக்குகளுடையதைவிட ஆடம்பரமாக இருக்கிறது. கொஞ்சம் மேலே கேத்லீன் கென்னடி, அமெரிக்க அதிபரின் தங்கை. 1944 மே மாதம் இந்த வீட்டு மூத்த வாரிசைக் கட்டினார், செப்டம்பரில் அவர் பெல்ஜியத்தில் போரில் செத்தார், 1948இல் இவரும் விமான விபத்தில். 1963 ஜூனில் கென்னடி இங்கே வந்து நின்றதற்குத் தரையில் ஒரு கல். மழையில் அதன் எழுத்தைத் தடவித்தான் படித்தேன். அந்த மூத்தவர் போனதால் தம்பி ஆண்ட்ரூ பதினொன்றாம் டியூக் ஆனார். 1950 நவம்பரில் அப்பா இறந்தபோது, சொத்தை மாற்றி எழுதி ஐந்து வருஷம் நிறைய இன்னும் 14 வாரமே பாக்கி. அது நிறைந்திருந்தால் வரி இல்லை. நிறையாததால் 80 சதவீத மரண வரி. ஓவியம், நிலம், இன்னொரு மாளிகை எல்லாம் போனது. வரியைக் கட்டி முடிக்கவே பதினேழு வருஷம் ஆனதாம். அந்த அடியில்தான் இந்த வீடு டிக்கெட் போட்டும், பண்ணைக் கடை வைத்தும் பிழைக்கக் கற்றுக்கொண்டது.

மூன்றே முக்காலுக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. நிறுத்தத்தில் ஒதுங்க மரம் மட்டும்தான். சப்பாத்துக்குள் தண்ணீர். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, நாயைக் கூட்டிப்போக வந்த ஒரு தம்பதி வண்டியை நிறுத்தி, "பஸ்ஸை நம்பியா நிற்கிறீர்கள்?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டார்கள். பின் இருக்கையில் நாயும் நானும், இருவரில் நான்தான் அதிகம் நனைந்திருந்தேன். வழி முழுக்க அந்த அம்மா மழைக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மே 18, சனி: ஹார்ட்விக்

அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லோரும் காரில் வந்து அழைத்துப் போனார்கள். வரிக்கு ஈடாகப் போன அந்த இன்னொரு மாளிகை இதுதான், ஹார்ட்விக் ஹால். ஒன்பதாம் டியூக்கின் மனைவி ஈவ்லின் 1960இல் சாகும்வரை இங்கே இருக்க விட்டார்கள், கிழிந்த திரைச்சீலைகளைத் தன் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாராம்.

1590களில் பெஸ் கட்டியது, அறுபது வயது தாண்டியபின். கோபுர உச்சியில் ஆள் உயரத்துக்கும் மேலான கல் எழுத்தில் இ.எஸ். என்று தன் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார், எலிசபெத் ஷ்ரூஸ்பரி. நம் ஊர்க் கட்சிக்காரர்கள் தோற்றார்கள். சுவரைவிடக் கண்ணாடி அதிகம், கண்ணாடி அன்று அத்தனை விலை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு தடவைகூட எனக்கு வீட்டுக்காரர்கள் மேல் பிரியம் வரவில்லை, இங்கே இந்தக் கிழவி மேல் வந்தது. படி ஏற ஏற அகலமாகிக்கொண்டே போகிறது, மேலே நீண்ட கூடம், சுவர் முழுக்க கதை நெய்த பழைய துணிகள், பைபிளில் வரும் கிதியோன் கதை. சின்னவன் "ஏசியே இல்லாமல் எப்படிக் குளிருது?" என்றான்.

அந்தத் துணிகளைக் காட்டிய வழிகாட்டி சொன்னது: 1592இல், ஹாட்டன் என்ற பிரபுவின் வீட்டிலிருந்து பெஸ் வாங்கியவை. முந்நூற்றுச் சொச்சம் பவுண்டு. அதில் பழைய முதலாளியின் குடும்பச் சின்னம் நெய்திருந்தது. என் சின்னத்தை அதன்மேல் வரைந்து ஒட்ட எனக்குச் செலவாகும், அதைக் கழியுங்கள் என்று கேட்டு, ஐந்து பவுண்டு குறைத்து வாங்கியிருக்கிறார். ஒட்டின இடம் இன்றும் தெரிகிறது. நாட்டிலேயே எலிசபெத் ராணிக்கு அடுத்த பணக்காரி என்று பெயர் எடுத்தவர்.

மதினி கொஞ்ச நேரம் அந்தத் துணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அஞ்சுதானா? பழசுன்னு சொல்லி இன்னும் இருபது குறைச்சிருக்கலாமே."